ஒத்தைக் கை ஸ்வெட்டரும் ஒண்ணாம் நம்பர் கூண்டும்

யம்மா மருமவளே, கடலூர் முதுநகர்ல குளிருன்னா எதுன்னு மொதல்ல தெரிஞ்சிக்க. ஐப்பசி அடைமழையில நனைஞ்ச பனியன் முதுவுல ஒட்டிக்குது பாரு, அதுதான் நம்ம ஊரு குளிரு. பனியனைக் கழட்டிக் கொடியில போட்டா குளிரும் அதோட கொடிக்குப் போயிடும். இப்பேர்ப்பட்ட ஊர்ல உட்காந்து நீ முழுக்கை ஸ்வெட்டர் பின்ற. பின்னு. ஊரு சிரிக்குதேன்னு நிறுத்திடாத. கத்திரி வெயில்லயும் ரோமத் தொப்பியைக் கழட்டாத எம்.ஜி.ஆரை 1977ல முதலமைச்சர் நாற்காலியில உட்கார வெச்ச சனங்க நாம. கம்பளியைப் பாத்து மெரள்ற ஊரு இல்ல இது.

நீ எங்கிட்ட யோசனை கேக்கலதான். கேக்காம சொன்னாத்தான் அது யோசனை, கேட்டதுக்கப்புறம் சொன்னா அது வெறும் பதிலு. அதுவும் இல்லாம மழை நாள்ல எனக்கு வேற வேலையும் கெடையாது. காலும் வலிக்குது, கடலும் கொந்தளிக்குது. வாய் ஒண்ணுதான் நல்லா இருக்கு.

உன் கட்டிலுக்கடியில இருக்கிற கட்டைப்பையை நான் பாக்கலன்னு நெனச்சிக்கிட்டு இருக்க. செருப்பு தேடப் போனேன், கண்ணுல பட்டுடுச்சி. ஒத்தைக் கையோட ஒரு ஸ்வெட்டர். அதுக்குப் பக்கத்துல வெள்ளையில நீலக் கரை போட்ட கொழந்தை சாக்ஸ், அதுவும் ஒத்தைக் கால்தான். அந்தக் கொழந்தை இப்ப யூகேஜி போவுது. ஒரு முனை நாலு வெரக்கடை, மறு முனை ஏழு வெரக்கடைன்னு போவப் போவ அகலமாவுற மஃப்ளர் ஒண்ணு. அதைப் பாத்தா பரவனாறு கடல்ல சேர்ற எடம் ஞாபகம் வருது. அதுக்கும் கீழ, என்னாத்துக்குன்னே தெரியாத ஒரு வட்டம். டேபிள்ல விரிக்கறதுக்கோ தலையில போடறதுக்கோ, நீயே முடிவு பண்ணி இருக்க மாட்ட. இதெல்லாம் கெடக்கறப்ப, நேத்து கூரியர்காரன் வந்து இன்னும் நாலு உருண்டை நூல் குடுத்துட்டுப் போறான். அரக்கு கலரு. எதுக்குன்னு உன் புருஷன் கேட்டதுக்கு, "ஆஃபர்ல வந்துச்சு"ன்னு சொன்ன. நல்ல பதிலு. ஆஃபர்ல வந்துச்சுன்னா அப்புறம் கேள்வியே கெடையாது.

இதுக்காக உன்னைத் திட்டுவேன்னு நெனைக்காத. எங்க சோனங்குப்பத்துப் பக்கம் எந்த வூட்டுத் திண்ணையில வேணா பாரு, பாதி முடிஞ்ச வலை ஒண்ணு தொங்கும். முடியாத வேலை கையில இருக்கற வரைக்கும் மனுஷன் நாளைக்கு எழுந்திருக்க ஒரு காரணம் இருக்கும். ஆனா வலைக்காரன் வூட்ல பாதி வலை ஒண்ணுதான் தொங்கும். உன் பையில நாலு கெடக்குது. அங்கதான் நான் வாயைத் தொறக்கறேன்.

நான் வலை பின்னிக் காலம் தள்ளினவன். எனக்குத் தெரிஞ்ச கைவேலை அது ஒண்ணுதான், அதை வெச்சித்தான் உன் வேலையப் பாக்க முடியும். வலைக்கு ஒரு அளவுக் கட்டை உண்டு, பட்டையா, வழவழன்னு. நூல் சுத்தின ஊசிய மேல் வரிசைக் கண்ணுக்குள்ள கீழேருந்து விட்டு இழுப்போம். கட்டையோட சேத்து இடது கட்டை வெரலால அமுக்கிக்குவோம். நூலை ஒரு வீசு வீசி, கண்ணோட ரெண்டு காலுக்கும் பின்னாடி ஊசிய ஓட்டி வெளிய எடுத்து ஒரு சுண்டு. முடிச்சு உக்காந்திடும். அப்புறம் புயலே வந்தாலும் அது அசையாது. ஒரு கண்ணை நண்டு கடிச்சி அறுத்தாலும் பக்கத்துக் கண்ணு அதும்பாட்டுக்கு நிக்கும். உன் பின்னல் அப்படி இல்ல. அதுல முடிச்சே கெடையாது. ஒரு வளையம் இன்னொரு வளையத்தை நம்பித் தொங்குது, அது அதுக்கு மேல இருக்கறதை நம்பித் தொங்குது. ஊசியிலேருந்து ஒரு கண்ணு நழுவிச்சின்னா ஏணி மாதிரி கீழ வரைக்கும் எறங்கிடும். அன்னிக்கு ராத்திரி நீ "ஐயோ"ன்னு கத்தின கத்துக்குத் தெருநாயெல்லாம் கொலைச்சிதே, அது இதுக்குத்தானே? அதுக்குப் போயி முழுசையும் பிரிச்சிப் போடுவாங்களா? குரோஷா ஊசிய எடு. விழுந்த கண்ணுல மாட்டு. ஏணிப்படி மாதிரி நிக்குதே நூலு, அதை ஒவ்வொண்ணா கண்ணு வழியா இழுத்துக்கிட்டே மேல ஏறு. அஞ்சு நிமிஷத்து வேலை. டிசைன் கஷ்டமா வர்ற எடத்துக்கு முன்னாடி வேற கலர் நூலு ஒண்ணை அந்த வரிசைக் கண்ணு அத்தனையிலயும் கோத்து வெச்சிடு. அதுக்கு மேல எங்க பிரிஞ்சாலும் அந்தக் கோட்டுல வந்து நின்னுடும். இதெல்லாம் உனக்கு யூடியூப் சொல்லி இருக்கும். யூடியூப் சொன்னதை நீ கேக்க மாட்ட, நான் சொன்னாலும் கேக்க மாட்ட, ஆனா ரெண்டு பேரும் சொன்னா யோசிப்ப.

சரி, அளவு சமாச்சாரத்துக்கு வர்றேன். வலை போடறவன் நூலைத் தொடறதுக்கு முன்னாடி மீனை நெனைப்பான். நெத்திலிக்குன்னா சுண்டு வெரல் நொழையாத கண்ணு. வஞ்சிரத்துக்குன்னா கையே நொழையற கண்ணு. தலை உள்ள போவணும், ஒடம்பு போவக் கூடாது, திரும்பலாம்னு பாத்தா செவுள்ல மாட்டிக்கணும், அதுதான் கணக்கு. நீ உன் புருஷனுக்குப் பின்ன மொத ஸ்வெட்டரும் இந்தக் கணக்குலதான் வந்துச்சு. எம் அண்ணன் மவன் தலை உள்ள போச்சு, தோளு போவல, கழட்டவும் வரல. கூடத்துல கைய மேல தூக்கிக்கிட்டு அவன் நின்ன நெலைய நான் சாவற வரைக்கும் மறக்க மாட்டேன். வஞ்சிரத்துக்காவது வெல உண்டு.

ஏன் அப்படி ஆச்சு? மொதல்ல ஒரு சின்னச் சதுரம் பின்னிப் பாக்கணும்னு நூல் உருண்டை மேல ஒட்டின காகிதத்துலயே படம் போட்டு வெச்சிருக்கான். 4 அங்குலத்துக்கு 22 கண்ணு வரணும்னு எழுதி இருக்கான். உனக்கு எத்தினி வருதுன்னு எண்ணினியா? எண்ணல. அவசரம். இந்தக் கணக்கைக் கேளு. 36 அங்குல மாருக்கு, 22 கணக்குல 198 கண்ணு போடற. உன் கை கொஞ்சம் தளர்ச்சியா ஓடி 4 அங்குலத்துக்கு 20தான் வருதுன்னு வெய்யி. அதே 198 கண்ணு கிட்டத்தட்ட 40 அங்குலத்தைத் தொட்டுடும். ரெண்டே ரெண்டு கண்ணு வித்தியாசத்துல புருஷன் சட்டைக்குள்ள கொழுந்தனும் பூந்துடலாம். கை இறுக்கமா ஓடிச்சின்னா வஞ்சிரம் கதை. சதுரம் பின்ன ஒரு சாயங்காலம் போவும். அது போவட்டும். மழையில வேற எங்க போவப் போற? பின்னின சதுரத்தைத் தண்ணியில நனைச்சிக் காய வெச்சிட்டு அளக்கணும், சொல்லிட்டேன். நனையாத துணி பேசற அளவு வேற, நனைஞ்ச துணி பேசற அளவு வேற.

அளக்கறதுல நம்ம ஊருக்கு ஒரு பழைய கதை இருக்கு. 1690ல இங்கிலீஷ் கம்பெனிக்காரன் தேவனாம்பட்டினத்துக் கோட்டைய மராத்தியர்கிட்ட வெல பேசி வாங்கினான். கோட்டையோட எவ்வளவு நெலம்னு பேச்சு வந்தப்ப, பீரங்கிக் குண்டு எது வரைக்கும் போய் விழுதோ அது வரைக்கும்னு ஒத்துக்கிட்டாங்க. ஒத்துக்கிட்டதுக்கப்புறம் சும்மா இருப்பானா? இருக்கறதுலயே நல்லா பாயற பீரங்கிய வெச்சி நாலு பக்கமும் சுட்டான். குண்டு விழுந்த வரைக்கும் அவன் எல்லை. அந்த ஊருங்களுக்குக் குண்டு கிராமம்னே பேரு வந்துச்சு. பேர் பெத்த செயிண்ட் டேவிட் கோட்டை அதுதான். நீயும் கண்ணால பாத்து, "இவருக்கு இவ்வளவு இருக்கும்"னு கம்பெனிக்காரன் கணக்குல குண்டு போடற. அவனுக்கு லாபம் வந்துச்சு. உனக்கு என்னா வந்துச்சு?

இன்னொண்ணும் அதுல இருக்கு. அவன் கப்பல் ஏறி வந்ததே துணிக்கும் சேத்துத்தான். மிளகு ஒரு பக்கம், சோழமண்டலக் கரையில நெய்ஞ்ச பருத்தித் துணி இன்னொரு பக்கம். நம்ம மெல்லிசு துணிய மூட்டை மூட்டையா அவன் ஊருக்கு ஏத்தினான். அவன் போயி எத்தினியோ வருஷத்துக்கப்புறம், அவன் ஊர் ஆட்டு முடியக் கூரியர்ல வரவழைச்சி நீ இங்க பின்னிக்கிட்டு இருக்க. அந்தக் கம்பெனி ஆளு கிளைவு இந்தக் கோட்டையிலதான் கொஞ்ச காலம் குந்தி இருந்தான். இருந்து பாத்திருந்தான்னா சிரிச்சிருப்பான்.

ஆட்டு முடின்னு சொன்னேனே, அதுவும் சந்தேகம்தான். கடைக்காரன் "ப்யூர் உல்லன்"னு சொன்னானா? ஒரு துண்டு நூலை அறுத்து, கொல்லையில தண்ணிச் சொம்பைப் பக்கத்துல வெச்சிக்கிட்டு, இடுக்கியால பிடிச்சி நெருப்புல காட்டு. முடி கருகற நாத்தம் வந்து, நெருப்பை எடுத்ததும் தானா அணைஞ்சி, சாம்பல் வெரல்ல பொடிஞ்சா ஆட்டு முடி. சொட்டு சொட்டா உருகி, ஆறினதும் கல்லு மாதிரி கறுப்பு உருண்டை நின்னா அது அக்ரிலிக், பிளாஸ்டிக்குக்குப் பங்காளி. அக்ரிலிக் மட்டம்னு நான் சொல்லல. தொவைக்க சுலபம், வெல கம்மி, பூச்சி அரிக்காது. ஆனா அதைப் போட்டுக்கிட்டு கார்த்திகை தீபத்தன்னிக்கி அகல்விளக்கு வரிசைக்கு நடுவுல குனிஞ்சி குனிஞ்சி எண்ணெய் ஊத்தாத. கொழந்தைக்குப் போட்டு விட்டு மத்தாப்பு குடுக்காத. இதை மட்டும் நையாண்டி இல்லாம சொல்றேன்.

நிஜக் கம்பளிய வாங்கிட்டன்னா அதுக்கு வேற தொல்லை. தன் எடையில கால் பங்குக்கு மேல ஈரத்தைக் குடிச்சிட்டு, ஒண்ணும் குடிக்காத மாதிரி காஞ்சி நிக்கும். நம்ம தெருவுல சில பேரு சாயங்காலத்துல நிக்கற மாதிரி. கார்த்திகை மாசத்து முதுநகர் காத்துல ஈரத்துக்கா பஞ்சம்? உப்பும் சேந்து வருது. மழை நாள்ல நம்ம கூடத்தையே பாரு, குறுக்கும் நெடுக்குமா கொடி, அதுல பள்ளிக்கூட யூனிபார்ம், உள்பாவாடை, என் வேட்டி, எதுவும் காயல. அதுக்கு நடுவுல நீ தொவைச்ச ஸ்வெட்டரையும் தொங்க விட்டிருந்த. தண்ணி பாரத்துல அது முழங்காலு வரைக்கும் எறங்கிடுச்சி. அதைத் தொங்க விடக் கூடாது. துண்டுல சுருட்டி மிதிச்சி, தண்ணிய எடுத்து, பாயில பரத்திப் போடணும். பூனையை வெளிய தள்ளிக் கதவை சாத்திட்டு.

வடகெழக்கு மழை நம்ம ஊருக்கு என்னா செய்யும்னு நான் சொல்ல வேணாம். 2011 டிசம்பர் 30 விடியக்காலையில தானே புயல் வந்து பண்ருட்டி பலா, முந்திரியெல்லாம் வேரோட படுக்க வெச்சிட்டுப் போச்சி. 2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் பாண்டிகிட்ட ஏறினப்ப தென்பெண்ணை வூட்டுக்குள்ள பூந்துச்சு. அதனால ஐப்பசி பொறந்துட்டா கரையில எல்லாரும் துறைமுகத்துப் புயல் கூண்டைத்தான் பாப்பாங்க. ஒண்ணு, ரெண்டுன்னா தூரத்துல எங்கயோ கடல் கெட்டிருக்கு. மூணு, நாலுன்னா துறைமுகத்துக்கே காத்து வரலாம். அஞ்சுலேருந்து ஏழு வரைக்கும் அபாயம். எட்டு, ஒம்போது, பத்துன்னா பெரிய அபாயம். பதினொண்ணுன்னா, எச்சரிக்கை குடுக்கற ஆபீஸோடயே தொடர்பு அறுந்துபோச்சுன்னு அர்த்தம்.

உன் வூட்டு வாசல்லயும் ஒரு கம்பம் நட்டா எங்களுக்கு ஒத்தாசையா இருக்கும். நீ போன்ல புது டிசைன் வீடியோ பாக்கற அன்னிக்கி ஒண்ணாம் நம்பர் ஏத்திடலாம், மேகம் தூரத்துலதான் இருக்கு. நூலுக்கு என்னா வெலன்னு தேட ஆரம்பிச்சா மூணு. கூரியர்காரன் போன் பண்ணா அஞ்சு. பழசை அப்படியே போட்டுட்டுப் புதுசுக்குக் கண்ணு ஏத்திட்டன்னா எட்டு, எம் அண்ணன் மவன் படகைக் கரைக்கு இழுத்துக் கட்டிட வேண்டியதுதான். கண்ணு எண்ணிக்கிட்டு இருக்கறப்ப யாராவது "சாப்பாடு ஆச்சா?"ன்னு கேட்டா, உன் வாய் மட்டும் "நூத்தி பதினாலு, நூத்தி பதினஞ்சி"ன்னு முணுமுணுக்குது பாரு, அது பதினொண்ணாம் நம்பர். தொடர்பு இல்ல.

கூண்டு ஏறினா எங்க ஆளுங்க கடலுக்குப் போவாம திண்ணையில குந்தி வலை பாப்பாங்க. கலெக்டர் பள்ளிக்கூடத்துக்கு லீவு வுட்டா நீயும் கட்டைப்பையைத் திறக்கற. ரெண்டும் ஒரே மழைதான், வேலை வந்து சேர்ற எடம்தான் வேற. எங்க பருத்தி வலைக்காலம் உனக்குத் தெரியாது. நைலான் வர்றதுக்கு முன்னாடி பருத்தி நூல்ல, சணல்லதான் வலை. மரப்பட்டையக் காய்ச்சின கஷாயத்துல வலைய முக்கி எடுத்துக் காய வெப்பாங்க, இல்லன்னா உப்புத் தண்ணியில மக்கிடும். தெரு முழுக்க அந்தத் துவர்ப்பு வாசனை அடிக்கும். பொம்பளைங்க பாதி வலைய பின்னுவாங்க, பேரு ஆம்பளைக்குப் போவும். இப்ப வலை மிஷின்ல வருது, நரம்பு வலை வந்தப்புறம் கிழிஞ்சா தூக்கிப் போடறதுதான் மிச்சம். கையில வேலை கொறைஞ்சதும் வாய்ச்சண்டை ஏறிப்போச்சி. சுருக்குமடி வலை வேணும், வேணாம்னு நம்ம கரையிலயே ஊருக்கு ஊரு மொறைச்சிக்கிட்டு நின்னாங்களே. 2000லயே அரசாங்கம் தடை போட்டது. 2023 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டு திங்கள், வியாழன் ரெண்டு நாளைக்கு மட்டும், 12 கடல் மைலுக்கு அந்தாண்டன்னு எடைக்கால உத்தரவு குடுத்துச்சு. வலைக்குக் கூட கெழமை குறிக்கிற காலம். உன் நூல் வாங்கற கெழமையையும் எந்தக் கோர்ட்டாவது குறிச்சிக் குடுத்தா எம் அண்ணன் மவன் கோயிலுக்குத் தேங்கா ஒடைப்பான்.

பொம்பளை நூலை எடுத்தா வேலைக்காவாதுன்னு சொல்றவன் எவனாச்சும் இருந்தா, அவனைச் சுண்ணாம்புக்காரத் தெரு பக்கம் கூட்டிக்கிட்டுப் போ. 1890ல இதே முதுநகர்ல பொறந்த அஞ்சலையம்மாள், கதர் இயக்கத்துல எறங்கி, 1927ல மெட்ராஸ்ல நீல் துரை சிலைய எடுக்கச் சொல்லிப் போராடி, பெத்த பொண்ணோட ஜெயிலுக்குப் போனவங்க. 1962ல சீனாக்காரன் இமயமலையில எறங்கினப்ப நான் டவுசர் போட்ட பையன். தேசம் முழுக்கப் பொம்பளைங்க ஜவானுங்களுக்கு ஸ்வெட்டர் பின்னினாங்க. குளிர்ல நடுங்கறவனுக்குப் பின்னினாங்க, அதுல ஒரு நியாயம் இருக்கு. இதுக்கு எதிர்ப்பக்கமும் நான் பாத்துட்டேன். 2004 சுனாமிக்கப்புறம் எங்கெங்கேருந்தோ லாரி லாரியா பழைய துணி வந்து எறங்கிச்சு. குடுத்தவங்க மனசு நல்ல மனசுதான். ஆனா நம்ம கரையோர சனம் உடுத்தற துணியா அதுன்னு ஒருத்தரும் யோசிக்கல. ரோட்டோரத்துல குவிஞ்சி மழையில ஊறிக் கெடந்துச்சு. வூடு வாசலை எழந்தவன் கூட அதைத் தொடல. மாட்டிக்கப் போறவன் யாருன்னு தெரியாம செஞ்ச துணி அது.

அதான் கேக்கறேன், அந்த அரக்கு கலரு யாருக்கு? கனடாவுல இருக்கற உன் தம்பிக்குன்னா, அவனுக்கு அங்க பனியில போடற கோட்டு கம்பெனியே குடுத்திருக்கும். நீ பின்னினதை ஒரு தடவை போட்டு, போட்டோ எடுத்து, வாட்ஸ்ஆப்புல போட்டுட்டு மடிச்சி வெச்சிடுவான். அந்தப் போட்டோ போதும்னா பின்னு, நான் குறுக்க நிக்கல. ஆனா அவன் கை நீளத்தை போன்ல கேட்டு எழுதிக்க. அவன் போனப்ப இருந்த ஒடம்பை மனசுல வெச்சிப் பின்னாத. அங்க பீட்ஸா சாப்புட்டு வேற ஒடம்பு ஆயிருப்பான்.

கிட்டத்துலயே ஆளு இருக்கு. நெய்வேலியில ராத்திரி ஷிஃப்ட் முடிச்சிட்டு மார்கழிப் பனியில வண்டி ஓட்டிக்கிட்டு வர்றான் உன் நாத்தனார் புருஷன், மாருக்குக் குறுக்க நியூஸ் பேப்பரை மடிச்சி சொருவிக்கிட்டு. அவனுக்கு ஒரு கையில்லாத ஸ்வெட்டர் போடு. கையே இல்லாததுனால ஒத்தைக் கையோட நிக்கற ஆபத்தும் இல்ல. சிதம்பரத்துல திருவாதிரைக்கு விடியக்காலை தரிசனத்துக்கு நிக்கறாங்களே கெழவிங்க, சேலைத் தலைப்பைக் காதோட சேத்து இழுத்துக்கிட்டு, அவங்க தோளுக்கு ஒரு பருத்தி நூல் போர்வை எவ்வளவு எதம். பச்சைக் கொழந்தைக்குத் தொப்பி நம்ம ஊர்லயும் போடறாங்க. அதையும் பருத்தி நூல்ல போடு. 14 அங்குலச் சுத்து, ஒரு நாள் சாயங்காலத்துல முடிஞ்சிடும். முடிச்ச சந்தோஷமும் கெடைக்கும், அந்த ருசிய நீ பாத்து ரொம்ப நாளாச்சி. பருத்தியான்னு மூஞ்ச சுளிக்காத. உன் புருஷன் போட்டிருக்கற திருப்பூர் பனியன் என்னா? அதுவும் கண்ணு கண்ணா பின்னினதுதான், மிஷின் பின்னிச்சு. பூதக்கண்ணாடிய வெச்சிப் பாரு, உன் ஸ்வெட்டர்ல இருக்கற அதே வளையம் எறும்பு சைஸ்ல வரிசையா நிக்கும்.

அப்புறம் உன் மாமியா விஷயம். எங்க அண்ணி கட்டற வயர் கூடைய நீ பாத்துட்டுப் பேசாம போற, உன் ஸ்வெட்டரை அவங்க பாத்துட்டுப் பேசாம போறாங்க. வூட்ல ரெண்டு கைவேலைக்காரி, நடுவுல நாங்க தோசைக்குக் காத்துக்கிட்டு இருக்கோம். சிவன் கண்ணு, நெல்லிக்காய், பிஸ்கட்டுன்னு அவங்களுக்குத் தெரியாத முடிச்சு கெடையாது. எந்தக் கூடையும் பாதியில நின்னதும் கெடையாது, ஏன்னா வயர் வாங்கறதுக்கு முன்னாடியே யாருக்கு, எத்தினி கட்டு, எந்தக் கலருன்னு பேசி முடிச்சிருப்பாங்க. ஒரு நாளு மதியானம் அவங்க பக்கத்துல போயி உக்காரு. "அத்தை, இந்த மூலைய எப்படித் திருப்பறீங்க?"ன்னு கேளு. உனக்குத் தெரிஞ்சிருந்தாலும் கேளு. அன்னிக்கி ராத்திரி கொழம்புல மீன் துண்டு உனக்கு ரெண்டு விழும்.

மீன்னு சொன்னதும் ஞாபகம் வருது. 2019 ஜனவரி 1லேருந்து ஒரு தடவை போட்டுத் தூக்கி எறியற பிளாஸ்டிக் பைக்குத் தடை. மஞ்சப்பை எடுத்துக்கிட்டுப் போன்னு அரசாங்கமே சொல்லுது. மஞ்சப்பையில மத்தி வாங்கிப் பாரு, அப்புறம் அந்தப் பைய எதுக்கும் எடுக்க முடியாது. நைலான் நூல்ல ஒரு வலைப்பை போட்டா மீன் தண்ணி கீழ வடியும், கொழாயடியில ஒரு அலசு அலசினா நாத்தம் போயிடும். வெங்காயம் போட்டுத் தொங்க விட்டாலும் காத்தோட்டமா இருக்கும். இந்த ஊருக்கு நீ பின்ற ஒரு பொருள் வேணும்னா அது இதுதான். முடிச்சு நான் சொல்லித் தர்றேன், காசு வேணாம். கத்துக்கறப்ப நான் நாலு பேச்சு பேசுவேன், அதைக் கேட்டுக்கணும்.

ரயில்ல பின்னிக்கிட்டுப் போறியாம், அதுவும் காதுக்கு வந்துச்சு. துறைமுகம் ஜங்ஷன்ல ஏறி ஆலப்பாக்கத்துல ஊசிய எடுத்தா, கிள்ளை தாண்டி சிதம்பரம் வர்றதுக்குள்ள ஒரு சாண் ஏறிடுதாம். நல்லது. பக்கத்துல குந்தினவங்க கேப்பாங்க: "நல்லா இருக்கேம்மா, எனக்கும் ஒண்ணு போட்டுக் குடேன், நூல் காசைக் குடுத்துடறேன்." அங்க உஷாரா இரு. நூல் காசு மட்டும் குடுக்கறேன்னு சொல்றவங்க, உன் கைக்கு வெல இல்லன்னு சிரிச்சிக்கிட்டே சொல்றாங்க. வலை பின்னக் கூப்புட்டவன் எவனும் எங்கிட்ட அப்படிச் சொன்னதில்ல. சொல்லி இருந்தா நடுக்கடல்ல போயி எண்ணிப் பாக்கற மாதிரி நாலு கண்ணை வுட்டு வெச்சிருப்பேன். நீ சண்டை போடாத. "போட்டுத் தர்றேன்கா, எத்தினி சாயங்காலம் ஆவுதோ அத்தினிக்குக் கூலி, நூல் தனி"ன்னு சொல்லிட்டு ஊசியப் பாத்துக் குனிஞ்சிக்க. பரங்கிப்பேட்டை வர்றதுக்குள்ள அவங்க பேச்சு தங்கம் வெலைக்குத் தாவிடும்.

இந்தச் சட்டம் வெளியாளுக்குத்தான். வூட்டு மனுஷனுக்குப் பொருந்தாது. மார்கழி பொறக்கறதுக்குள்ள எனக்கு ஒரு குரங்கு குல்லா வேணும். தலையச் சுத்தி நூலு வெச்சி நானே அளந்துட்டேன், 22 அங்குலம். நீ 20 போடு, தலையில இழுத்துக்கும். காதை நல்லா மூடணும். ஆனா டீக்கடையில எவன் என்னைப் பத்தி என்னா பேசறான்னு எனக்குக் கேக்கணும், அதனால காதுகிட்ட மட்டும் கண்ணைக் கொஞ்சம் பெருசா வுடு. கலரு உன் இஷ்டம். கறுப்பு சிவப்பு வேணாம், பச்சை வேணாம், மஞ்சள் வேணாம், நீலம் வேணாம், காவியும் வேணாம்; எந்தக் கட்சிக்காரனும் கொடியில வெக்காத கலரு ஏதாச்சும் கடையில மிச்சம் இருந்தா அதுல போடு. நூல் காசை எம் அண்ணன் மவன்கிட்ட வாங்கிக்க.